‘ரிசேவ்’ அணி என்பது சேம அணி

தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் ஒன்று, முதல் அணியில் இன்னும் இடம் பெறாத இளையவர்களையும், காயத்திலிருந்து மீண்டு ஆட்டப் பழக்கம் தேவைப்படுவோரையும் சேர்த்துக் களமிறக்கும் அணியை ‘ரிசேவ் அணி’ என்கிறோம். அதற்குத் தனி நிர்வாகமோ தனிச் சொத்தோ கிடையாது. தாய்க் கழகத்தின் சீருடையையே அணிகிறது, தாய்க் கழகத்தின் ஊதியத்தையே பெறுகிறது; ஆனால் தனக்கென்று ஒரு போட்டி அட்டவணையில் ஆடுகிறது.

திருகோணமலையில் ‘ரிசேவ்’ என்ற சொல்லுக்கு இரண்டு வழக்குகள் உண்டு. ஏகாம்பரம் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது, காலணியைக் கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே காத்திருப்பவனைக் காட்டி ‘அவன் ரிசேவ்’ என்பார்கள். அவனுக்கு ‘மாற்று வீரர்’ என்ற பொருத்தமான பெயர் தமிழில் ஏற்கனவே இருக்கிறது. ஒலிபெருக்கி அறிவிப்பாளர்களும் அதையே சொல்கிறார்கள். கழகம் ஒன்று இரண்டாவதாக அனுப்பும் முழு அணியைக் குறிப்பது மற்றைய வழக்கு. அதை இங்கே ‘பி டீம்’ என்று சொல்வதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பாராமல் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது ‘மாற்று அணி’ என்று எழுதிவிடுகிறோம். மாற்று அணி என்றால், வர வேண்டிய அணி வராதபோது அதற்குப் பதிலாக வந்த அணி என்றே தமிழ் வாசகர் பொருள் கொள்வார். ஆகவே அச்சொல் இங்கே பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘செர்வாரே’ என்றால் காத்தல்; ‘ரெ’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து, பின்னொரு வேளைக்கென்று காத்து வைத்தல் என்ற பொருளைத் தந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, படையியலில் போர்முனைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்த படைப்பிரிவுக்குப் பெயராகி, விளையாட்டிலும் புகுந்தது. இங்கிலாந்தில் இத்தகைய அணிகள் நெடுங்காலம் தமக்குள்ளேயே மோதின. 1911இல் தொடங்கிய சென்ட்ரல் லீக் பெரும்பாலும் அவற்றுக்கான களமாகவே இருந்தது.

தமிழில் இதற்கு நிகர் தேடும்போது முதலில் நினைவுக்கு வருவது ‘ஒதுக்கு’. மத்திய வங்கியின் அறிக்கைகளில் ‘வெளிநாட்டு ஒதுக்குகள்’ என்று வாசித்துப் பழகியிருக்கிறோம். பணத்துக்கு அது பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. ‘ஒதுக்கு அணி’ என்றால் வேண்டாமென்று தள்ளிவைக்கப்பட்டோரின் அணி என்ற தொனி வந்துவிடும். பதினெட்டு வயது இளைஞன் ஒருவனுக்கு அப்பெயரைச் சூட்ட யாருக்கும் மனம் வராது. ‘இரண்டாம் அணி’ பிழையன்று. ஜேர்மானியரும் அப்படித்தான் எண்ணிட்டு, பயர்ன் மியூனிக் கழகத்தின் அணியை ‘பயர்ன் மியூனிக் இரண்டு’ என்று எழுதுகிறார்கள். ஆயினும் அச்சொல் வரிசையைச் சொல்கிறதே தவிர, அணியின் நோக்கத்தைச் சொல்லவில்லை.

பழைய போர்ச் சொல் ஒன்றும் உண்டு. ஔவையார் அதியமானைப் பாடிய புறநானூற்று 88ஆம் பாடலில் ‘கூழை தார்’ என்று வருகிறது. தார் என்பது முன்செல்லும் படை, கூழை என்பது பின்னால் வரும் படை. அணி என்ற சொல்லே படை வகுப்பைக் குறித்த சொல்லாதலால், ‘கூழையணி’ என்பது இலக்கண அளவில் அழகாகவே அமையும். ஆனால் இன்றைய காதுக்குக் கூழை என்றால் குட்டையானது, குறைபட்டது என்பதே பொருள். கூழைக் கும்பிடு என்ற தொடரை அறிந்த எவரும் இதை ஏற்கமாட்டார்.

அதே ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 102ஆம் பாடலில் இன்னொரு சொல்லைத் தருகிறார். உப்பு வணிகரான உமணர் வண்டியில் பாரம் ஏற்றுகிறார்கள். எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதுதான் ‘சேம அச்சு’. தந்தைக்கு மகன் அத்தகையவன் என்கிறது பாடல். ரிசேவ் என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய நிகரை நான் காணவில்லை. தேவைப்படும் வேளைக்கென்று காத்து வைத்தது என்ற கருத்து முழுமையாக இருக்கிறது. அதோடு, இன்று பின்னால் நிற்கும் இளையவன் நாளை முன்னே வந்து பொறுப்பேற்பான் என்ற மதிப்பும் இருக்கிறது. சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்த சொல் என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. சங்கப் பாடலிலேயே குடியேறிவிட்ட சொல்லை இனி அயலென்று விலக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழகத்தில் ‘மத்திய சேமக் காவல் படை’ என்று எழுதுவதால் அது வழக்கொழிந்த சொல்லுமன்று. எனவே ‘சேம அணி’ என்றே எழுதலாம். அதில் ஆடுபவர் சேம அணி வீரர்.

இப்பெயர் பொருந்துவதற்கு இன்னொரு காரணம், சேம அச்சு தனக்கென்று ஒரு பயணம் போவதில்லை என்பது. தொழில்முறைக் கழகங்களின் சேம அணிகளைப் பிராந்திய லீக்குகளில் சேர்க்கும்போது எழும் விவாதமெல்லாம் இதைச் சுற்றியே நடக்கிறது. ஸ்கொட்லாந்தில் ஐந்தாம் படிநிலையிலுள்ள லோலண்ட் லீக், 2021-22 பருவத்தில் ரேஞ்சர்ஸ், செல்டிக் கழகங்களின் சேம அணிகளைச் சேர்த்துக்கொண்டது. அவை கட்டணம் செலுத்தி ஆடின. மேற்படிநிலைக்குச் செல்லும் தரமுயர்வு அவற்றுக்கு இல்லை என்பது நிபந்தனை. சிறிய கழகங்களுக்கு வருமானமும் வலுவான எதிரணியும் கிடைத்தன. ஆனால் ஊரவர் காசு சேர்த்து நடத்தும் கழகம் ஒன்று, மேலே ஏறும் நோக்கமே இல்லாத அணியிடம் புள்ளிகளை இழக்க நேரிடுவது நியாயமா என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். எனக்கும் அக்கேள்வி சரியானதாகவே படுகிறது.

நெதர்லாந்தில் 2017-18 பருவத்தில் அயக்ஸ் கழகத்தின் சேம அணி இரண்டாம் படிநிலையில் முதலிடம் பெற்றபோதும், அடுத்து வந்த ஃபோர்ச்சுனா சிட்டார்ட் கழகமே மேலே சென்றது. ஜேர்மனியின் மூன்றாம் படிநிலையை 2019-20இல் வென்ற பயர்ன் மியூனிக் சேம அணியும் அங்கேயே நின்றது. ஸ்பெயினில் றியல் மட்ரிட்டின் சேம அணியான கஸ்தில்யா 1980இல் அரசர் கிண்ண இறுதியாட்டம் வரை வந்து, தன் தாய்க் கழகத்தையே எதிர்கொண்டு 6-1 எனத் தோற்றது; பின்னாளில் இத்தகைய அணிகள் அக்கிண்ணத்திலிருந்து விலக்கப்பட்டன. நமக்கு அருகே கேரளத்தில், மாநில லீக்கின் 2019-20 வாகையைக் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகத்தின் சேம அணி சூடியது.

எழுதும் முறையில் ஒன்றைக் கவனித்தால் போதும். தாய்க் கழகத்தின் பெயரை முன்வைத்து ‘செல்டிக் சேம அணி’ என்று எழுத வேண்டும். வெறுமனே ‘செல்டிக்’ என்றால் முதல் அணி தோற்றதாக வாசகர் எண்ணிவிடுவார். இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணி என்று வயது வரையறுக்கப்பட்டிருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும், ஏனெனில் சேம அணியில் மூத்த வீரரும் ஆடுவதுண்டு. ‘கஸ்தில்யா’ போன்ற தனிப்பெயருள்ள அணிகளுக்கு அப்பெயரை முதலில் எழுதி, ‘றியல் மட்ரிட்டின் சேம அணி’ என்ற விளக்கத்தை ஒருமுறை சேர்க்கலாம்.