கல் மாதிரி பின்னிய கவ்லுக்கு இஸ்திரி வேண்டாம்

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. கருங்கல் பாவிய தெருவைப் பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மேடு, இடையில் பள்ளமாக ஒரு வரி என்று பொறுமையாக யோசித்துப் பின்னிய கவ்ல், அதாவது கழுத்தைச் சுற்றி வளையமாகப் போடும் பின்னல். கழுத்தில் போடும் முன் ஃபினிஷிங் நன்றாக இருக்கட்டும் என்று இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தி, நீராவியும் விட்டிருக்கிறார்கள். இப்போது தட்டையாக, பளபளவென்று தொங்குகிறது. சரிசெய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியாது, நூல் முழுக்க அக்ரிலிக் என்ற செயற்கை இழை.

பின்னல் சொல்லிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

எந்தத் துணிக்கும் இஸ்திரி போட்டால்தான் வேலை முடிந்தது என்ற எண்ணம் சட்டையிலிருந்து வந்தது. சட்டையில் நமக்கு வேண்டியது சுருக்கமில்லாத பரப்பு. இந்தக் கவ்லில் வேண்டியதே மேடுபள்ளம்தான். நிட் (வழவழப்பான கண்ணி), பர்ல் (புடைத்த கண்ணி) இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும் சீட் ஸ்டிச்சில் பர்ல் கண்ணியின் புடைப்பு வெளிச்சத்தைப் பிடிக்கிறது, பக்கத்து நிட் கண்ணி நிழலுக்குள் போகிறது. (நிட்டும் பர்லும் நெடுக்குக் கோடுகளாக வரும் ரிப்பில் இது தலைகீழ், அங்கே பர்ல்தான் உள்வாங்கும்.) கான்கிரீட்டின் சொரசொரப்பும் செங்கல் இடுக்கும் பின்னலில் தெரிவது அந்த நிழலால் மட்டுமே, நூலின் சாம்பல் நிறத்தால் அல்ல. அழுத்தினால் நிழல் போய்விடும், கல்லும் அதோடு போய்விடும்.

அக்ரிலிக் 100 டிகிரிக்கும் கீழேயே இளகிவிடும், அதனால் நீராவியே போதும் அதைக் கெடுக்க. ஒருமுறை நசுங்கினால் எத்தனை முறை துவைத்தாலும் திரும்பாது. கம்பளிக்கு அந்த விதி இல்லை. இஸ்திரி போட்டுத் தட்டையாகிவிட்டாலும், கருகாமல் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல், முறுக்காமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, இழுக்காமல் பரப்பிக் காயவையுங்கள். பெரும்பாலும் எழுந்து வரும்.

விளிம்பு சுருள்கிறது என்பதால்தான் இஸ்திரியை எடுத்தோம் என்பார்கள். அதைப் பின்னும்போதே தீர்க்க வேண்டும். மேலும் கீழும் நாலைந்து சுற்று கார்ட்டரோ (ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல்) சீட் ஸ்டிச்சோ வையுங்கள், சுருளாது. வட்டமாகப் பின்னினால் சீட் ஸ்டிச்சுக்குக் கண்ணிகள் ஒற்றைப்படையில் இருந்தால் வசதி. அப்புறம், முதல் சுற்றை இணைக்கும் முன் கண்ணிகள் ஊசியில் முறுக்கிக்கொள்ளவில்லையா என்று பார்த்துவிடுங்கள், பிறகு பிரிப்பதைத் தவிர வழியே கிடையாது.

தயவுசெய்து மாதிரித் துண்டு போடுங்கள். 15 செ.மீ. சதுரம் போதும். கவ்லுக்குச் செய்ய நினைப்பதையெல்லாம் முதலில் அதற்குச் செய்து பாருங்கள். பல நிறம் கலந்த நூலில் இவ்வளவு நுணுக்கம் தெரியாது, இறுக்கமாக முறுக்கிய ஒரே நிற நூலை எடுங்கள். லேபிள் தொலைந்துபோனால் நூலில் ஒரு சின்னத் துணுக்கை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள்: முடி பொசுங்கும் வாடை அடித்துச் சாம்பல் பொடிந்தால் கம்பளி, உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டையானால் செயற்கை இழை.

கவ்லை யாருக்காவது பரிசாகக் கொடுத்தால், என்ன நூல், எப்படித் துவைப்பது, இஸ்திரி கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்தே கொடுங்கள். வாங்கிக்கொள்பவருக்குப் பின்னல் தெரியாது, நீங்கள் சொல்லாவிட்டால் அன்போடு இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடுவார்.