குட்டி போட்ட ஆடு ஏன் வற்றிப்போகிறது?

கார்த்திகை மழை ஓய்ந்ததும் மானூர் பக்கத்துத் தரிசெல்லாம் பச்சை பிடித்துவிடும். கன்னி இனத்து ஆடுகள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருக்கும். மேய்ச்சலுக்குக் குறைவில்லாத அந்த நாட்களில்தான் சில தாயாடுகள் வற்றி, கீழ் இமையின் உட்புறம் வெளுத்து, தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்க நிற்கும். "குட்டி போட்டா ஆடு வத்தத்தான செய்யும் அண்ணாச்சி" என்பார்கள். பால் கொடுத்து மெலிவதும் உண்டுதான். ஆனால் இமை வெளுப்பதற்குக் காரணம் ஆட்டின் நாலாவது வயிற்றில் இருக்கிறது.

அங்கே ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு ரத்தம் குடித்து வாழ்கிறது. ஒரு புழுவால் போவது நாளுக்கு 0.05 மி.லி. ரத்தம்தான். ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மி.லி. பெண் புழு ஒன்று ஒரே நாளில் 5,000 முட்டைகளுக்கு மேல் இடும்.

சரி, அதுவரை இந்தப் புழுக்களை அடக்கி வைத்திருந்தது எது? ஆட்டின் நோய் எதிர்ப்புதான். இயோசினோபில் என்னும் வெள்ளணுக்களும், புழுவுக்கென்றே உருவாகும் எதிர்ப்பொருள்களும், குடல் சுரக்கும் சளியும் சேர்ந்து புழுவை வளரவிடாமல், முட்டையிடவிடாமல் பிடித்து வைக்கின்றன. ஈனுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது இந்தப் பிடி தளர்கிறது. ஈன்ற பிறகும் ஆறு, எட்டு வாரம் அப்படியே இருக்கும். வயிற்றில் உறங்கிக் கிடந்த இளம்புழுக்களும் எழுந்துகொள்கின்றன. புழுக்கையில் முட்டைகள் பெருகி, ஈரப் புல்லில் புழுக்கள் ஏறியிருக்கும் வேளையில்தான் குட்டிகள் புல் கடிக்கப் பழகும்.

பிடியைத் தளர்த்துவதில் ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹார்மோன் ஊரெல்லாம் போடும் தண்டோரா மாதிரி. ரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போகும். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பி உள்ள செல்லுக்கு மட்டுமே கேட்கும். பாலியல் ஹார்மோனின் ஏற்பிகள் கருப்பையிலும் விதையிலும் மட்டும் இல்லை, வெள்ளணுக்களிலும் இருக்கின்றன. அந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து ஏற்பியோடு சேர்ந்ததும், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. வயிற்றுக் குட்டி பாதி தகப்பனுடையது, தாயுடம்புக்கு அந்நியம். அதைத் தாக்காதபடி, சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வெள்ளணுக்களை அமைதிப்படுத்துகிறது. ஈனும் நேரத்தில் அது இறங்கி, உடம்பு நெருக்கடியில் சுரக்கும் கார்டிசோலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் ஏறும். கார்டிசோல் எதிர்ப்பை இன்னும் அடக்கும்.

அப்புறம் புரதம். எதிர்ப்பொருளும் புரதம், சீம்பாலும் புரதம். தீனி போதாதபோது மடிக்குத்தான் முதல் பங்கு. இரட்டைக் குட்டி போட்ட ஆட்டில் புழு முட்டைகள் கூடுதலாக இருப்பதும், புரதம் சேர்த்துக் கொடுத்த செம்மறிகளில் அவை குறைவதும் இதனால்தான்.

கிடாவின் கதை வேறு. பருவம் வந்த கிடாக்களில் பொதுவாகப் பெட்டைகளைவிடப் புழு அதிகம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பல எதிர்ப்பு வேலைகளைக் குறைத்துவிடுகிறது. எலிகளில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். ஒருவகை எலி மலேரியாவில் பெண் எலிகள் பிழைத்துக்கொள்ளும். மூன்று வாரம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துவிட்டுத் தொற்றவைத்தால் அவையும் செத்துப்போகும். மனிதரிலும் அமீபாவால் ஈரலில் வரும் சீழ்க்கட்டி, வயதுவந்த ஆண்களுக்கே பல மடங்கு அதிகம். சிறுபிள்ளைகளில் அந்த வேறுபாடு இல்லை.

ஆனாலும் பெண் உடம்பு எப்போதும் வலியது என்று முடிவுகட்டிவிட முடியாது. எலியின் வயிற்றுக்குழியில் வளரும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவத்துக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் தோது. ஆண் எலிக்குள் புகுந்தால், நாளடைவில் அதன் டெஸ்டோஸ்டிரோன் சரிந்து ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறிவிடுகிறது. ஒட்டுண்ணி தனக்கு ஏற்ற மாதிரி வீட்டையே மாற்றிக்கொள்கிறது! இந்தத் துறையில் என்னை மிகவும் அசர வைத்தது இதுதான்.

நம் ஆட்டுக்கு வருவோம். தாடை வீங்கிய பிறகு மருந்து தேடுவது தாமதம். ஈனுவதற்கு முந்தைய வாரங்களிலேயே இமையைப் புரட்டிப் பார்த்து, வெளுத்த ஆடுகளுக்கு மருத்துவரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுக்கலாம். வெளுக்காத ஆட்டுக்கும் சேர்த்து ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுக்கள்தான் மிஞ்சும். சினை பிடித்த முதல் மாதத்தில் மட்டும் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டி ஊனமாகலாம். கடைசி மாதத்திலிருந்து கடலைப் புண்ணாக்கோ அகத்தியோ வேலிமசாலோ கொஞ்சம் கூட்டிப் போட்டால், மடிக்குப் போனது போக எதிர்ப்புக்கும் மிஞ்சும்.