தூக்க மாத்திரை கேக்குறதுக்கு முன்னாடி

"டாக்டர், ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, ஒரு தூக்க மாத்திரை எழுதிக் குடுங்க." கேன்சர் முத்தின நிலையில இருக்கறவங்களைப் பாக்குற எங்க ஓபில இதைக் கேக்காத நாளே கிடையாது. எழுதித் தர்றது ஒரு நிமிஷ வேலை, ஆனா ஏன் தூங்கலன்னு பாக்காம குடுத்தா பல பேருக்கு பிரயோஜனமே இருக்காது.

நான் மொதல்ல கேக்குறது மாத்திரைப் பையைத்தான். டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு, பசிக்கு, வாந்திக்கு, மூளை வீக்கத்துக்குன்னு நிறைய பேருக்கு குடுப்போம், அதை ராத்திரி போட்டா கொட்ட கொட்ட முழிச்சிட்டுத்தான் இருக்கணும், முடிஞ்சவரைக்கும் காலைலயே போட்டுடணும். நீர் பிரியற மாத்திரையும் அப்படித்தான், சாயங்காலம் போட்டா விடிய விடிய பாத்ரூம். வாந்திக்கு தர்ற மெட்டோகுளோப்ரமைட் சிலருக்கு ஒரு இடத்துல உக்காரவே விடாத தவிப்பை கொண்டு வரும், வீட்டுல அதை டென்ஷன்னு நினைச்சுக்குவாங்க. வலி நடுராத்திரி எழுப்புதுன்னா மார்ஃபின் டோஸையும் நேரத்தையும் நாங்க மாத்தணும் (நீங்களா கூட்டிக்காதீங்க ப்ளீஸ்).

கனவு பத்தி நாமளா கேட்டாத்தான் சொல்லுவாங்க. ஒரு பெரியவர் தினமும் தண்ணில மூழ்குற மாதிரி கனவு கண்டு அலறி எந்திரிப்பார், சாவு பயம்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க. பாத்தா நெஞ்சுல நீர் கோத்திருந்துச்சு, படுத்தா மூச்சு முட்டுது. நீரை எடுத்துட்டு தலையை உயர்த்திப் படுக்க வெச்சோம், அந்தக் கனவு அப்புறம் வரல.

எல்லாருக்கும் இப்படி காரணம் கையில சிக்காது. ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தா, பகல்ல உக்காந்து அதோட முடிவை அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி, அதையே தினம் கொஞ்ச நேரம் மனசுல ஓட்டிப் பாக்கச் சொல்லுவோம், பேசத் தெம்பு இருக்கறவங்களுக்கு இது நல்லாவே உதவுது. தூங்கினா எந்திரிக்க மாட்டோமோன்னு கண்ணையே மூடாம இருக்கறவங்களும் உண்டு, அவங்க கிட்ட "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு பேச்சை மூடிடாதீங்க, என்ன பயம்னு கேளுங்க.

செத்துப்போன அம்மா கனவுல வந்தாங்கன்னு சொன்னா வீடே பதறிடும். கடைசி கட்டத்துல இது ரொம்ப சகஜம், அவங்க பயப்படலைன்னா, நிறைய பேருக்கு ஆறுதலாவே இருக்கும், மருந்து எதுக்கு?

ஆனா முழிச்சிருக்கும்போதே செவுத்துல பூச்சி ஓடுதுங்குறாங்க, நேத்து வரைக்கும் தெளிவா இருந்தவங்களுக்கு இன்னைக்கு ஆள் தெரியல, பகல் ராத்திரி மாறிப்போச்சுன்னா அது வேற விஷயம், அதை டெலீரியம்னு சொல்லுவோம். இன்ஃபெக்ஷன், ரத்தத்துல கால்சியம் ஏறுறது, யூரின் அடைப்பு, மலச்சிக்கல், கிட்னி சரியில்லாம மார்ஃபின் உடம்புல தேங்குறது (கை கால் தூக்கித் தூக்கிப் போடும்), எது வேணா காரணமா இருக்கலாம், பலதை சரி பண்ணவும் முடியும். வீட்டுல இருக்குற தூக்க மாத்திரையைக் குடுத்தா குழப்பம் கூடத்தான் செய்யும், அன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க.