சீ: ஹொக்கியனின் இணைப்பு வினை

"நான் மாணவன்." இரண்டே பெயர்ச்சொற்களில் தமிழுக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஹொக்கியனில் இதையே "குவா சீ ஹக்செங்" என்பார்கள். குவா என்றால் நான், ஹக்செங் என்றால் மாணவன். நடுவில் நிற்கும் 'சீ'யைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் தென்பகுதியில், ஷியாமென் வட்டாரத்தில் பேசப்படும் மொழி ஹொக்கியன். தைவான், பினாங்கு, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் என்று கப்பலேறிப் போனவர்கள் அதையும் கொண்டுபோனார்கள். ஃபூஜியன் என்ற பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதமே மொழிக்கும் பெயராகிவிட்டது.

'சீ'யைப் போல இரு பெயர்ச்சொற்களைக் கோக்கும் வினையை மொழியியலில் 'காப்புலா' என்பார்கள். பிணைப்பு, கட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. தமிழில் 'இணைப்பு வினை' என்பது பொருத்தம். துணைவினையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. துணைவினை இன்னொரு வினையை ஒட்டி நிற்பது, 'வந்துவிட்டான்' என்பதில் வரும் 'விடு' போல.

நம் காதுக்கு 'சீ' என்பது முகம் சுளிக்கும் ஒலி. அங்கே எல்லாம் சுருதியில் இருக்கிறது. தாழ்ந்த குரலில் சமமாகச் சொன்னால்தான் இணைப்பு வினை. சுருதி மாறினால் 'நான்கு' ஆகலாம், 'நேரம்' ஆகலாம், 'சாவு' கூட ஆகலாம்.

சீனாவின் பொதுமொழியான மாண்டரினின் 'ஷ்' (அதன் உயிரொலிக்கு நம்மிடம் சரியான எழுத்தில்லை) இதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். பழஞ்சீனத்தில் அந்த எழுத்து வினையே இல்லை, 'இது' என்ற சுட்டுச்சொல். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் கொள்வது பற்றிச் சொல்லும் கன்பூசியஸ், 'இது அறிவு' என்று முடிக்கிறார். அந்த 'இது'தான் இன்றைய 'சீ'. அவர் காலத்துச் சீனத்தில் இரு பெயர்களை, தமிழைப் போலவே, வினையில்லாமல் அடுத்தடுத்து வைத்தாலே வாக்கியமாகிவிடும். நடுவே வந்து உட்கார்ந்த சுட்டுச்சொல் மெல்ல வினையாகிவிட்டது.

ஆங்கிலம் படித்த பழக்கத்தில் எல்லா இடத்திலும் 'சீ' போட்டால் மாட்டிக்கொள்வோம். "அவள் ரொம்ப அழகு" என்பதற்கு "ஈ சின் சுயி" போதும். அங்கே 'சீ' நுழைந்தால் "அழகுதான், யார் இல்லையென்றது?" என்ற தொனி வந்துவிடும். நம் '-தான்' செய்கிற வேலை அது. இடம் சொல்ல வேறு வினை: "ஈ தீ ச்சு", அவர் வீட்டில் இருக்கிறார். இங்கே 'தீ' நம் 'இரு'வுக்குச் சமம். கிழமையோ தேதியோ சொல்லும்போது 'சீ'யை விட்டுவிட்டாலும் குறையில்லை.

எதிர்மறைக்கு வந்தால்தான் எனக்குச் சுவாரசியம். 'சீ'யை மறுக்க முன்னால் 'ம்' சேர்ப்பார்கள்: "குவா ம்-சீ ஹக்செங்", நான் மாணவன் அல்லேன். (நாம் 'ம்' என்றால் சரி என்று பொருள், அவர்கள் 'ம்' என்றால் மறுப்பு. பினாங்குச் சந்தையில் பேரம் பேசப் போகும் தமிழர் கவனிக்க.) ஆனால் பணம் இல்லை என்பதற்கு 'ம்' ஆகாது. "குவா போ லுய்" என்பார்கள். 'போ'வின் பகரம் 'பாட்டி'யில் வருவது போலல்ல, 'தம்பி'யில் வருவது போல. அடையாளத்தை மறுக்க ஒரு சொல், இருப்பை மறுக்க இன்னொன்று. நம் 'அல்ல', 'இல்லை' என்ற பிரிவேதான்! பேச்சுத் தமிழ் "நான் டாக்டர் இல்லை" என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. மலையாளம் இன்னும் காப்பாற்றுகிறது, ஹொக்கியனும்.

அப்படியானால் 'சீ'க்கு நேரான தமிழ்ச்சொல் எது? உடன்பாட்டில் வெறும் மௌனம், மறுப்பில் 'அல்'. பல இடங்களில் அது 'ஆகு'. 'நா-சீ' என்றால் 'ஆனால்', அதாவது 'அப்படியாயின்'. 'தான்-சீ' என்றாலும் 'ஆனால்', இது மறுத்துப் பேச. நம் 'ஆனால்' இரண்டு வேலையையும் தனியாகவே பார்த்துக்கொள்கிறது.

'அல்லது' என்பதில் மட்டும் வழி பிரிகிறது. நாம் அதை 'அல்' என்ற மறுப்பிலிருந்து எடுத்தோம். அவர்களுக்கோ அங்கேயும் 'சீ'தான்: "தே ஆ-சீ கோப்பி?" தேநீரா, காபியா? நம் தேயிலையில் இருக்கும் 'தே'யும் இவர்கள் வாயிலிருந்து கடலேறியதுதான்.