காணாக்கடி: கடித்தது யார்?

ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டு வயதுப் பேத்தியின் முதுகில் பழுப்புத் திட்டுகள். குளிப்பாட்டித் துவட்டினால் திட்டு இருக்கும் இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்துச் சிவக்கிறதாம். தோல் மருத்துவர் 'அர்டிகேரியா பிக்மென்டோசா' என்று ஒரு தோல் நோயின் பெயரை எழுதிக்கொடுத்தார். பக்கத்து வீட்டில் 'கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி வெளியே வந்தாளே, அதுதான்' என்றார்கள். கிரகணத்துக்கும் தோலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பேச்சால் இன்னும் எத்தனை தாய்மார்கள் அழப்போகிறார்களோ!

திடீரென்று தோல் தடித்து அரிப்பதை நம் ஊரில் காணாக்கடி என்போம். கடி இருக்கிறது, கடித்த பூச்சியைக் காணோம். பேர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. கடித்தது தோலுக்குள்ளேயே குடியிருக்கும் மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்.

1878-இல் பவுல் எர்லிக் என்ற 24 வயது ஜெர்மன் மாணவர், முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திசுக்களில் துணிச்சாயங்களை ஏற்றிப் பார்த்தார். சில செல்களுக்குள் மட்டும் மணிமணியாக ஏதோ நிறைந்திருந்தது. தின்று கொழுத்த செல் என்று நினைத்து, மாட்டுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் 'மாஸ்ட்' என்ற சொல்லையே சூட்டிவிட்டார். கணிப்பு தவறு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த மணிகளில் இருப்பது தீனி இல்லை, வெடிமருந்து. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஹெப்பாரின் என்ற எதிர்மின்னூட்ட வலை. அதில் ஹிஸ்டமின் என்ற நேர்மின்னூட்ட வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு இறுக்கமாக அடைந்து கிடக்கிறது. தேய்ப்பாலோ சூட்டாலோ செல் தூண்டப்பட்டதும் மணியின் வாய் வெளிப்புறம் திறக்கிறது. திசுநீரில் இருக்கும் உப்பின் சோடியம் உள்ளே புகுந்து ஹிஸ்டமினை இடம்பெயர்க்கிறது. வலை, தண்ணீரில் போட்ட சப்ஜா விதை மாதிரி உப்புகிறது. விடுபட்ட ஹிஸ்டமின் பக்கத்து நுண்ரத்தக்குழாயின் சுவர்ச் செல்களைச் சுருங்க வைக்க, இடுக்கு வழியே ரத்தநீர் கசிகிறது. அதுதான் தடிப்பு. நரம்பைத் தொட்டால் அரிப்பு. எல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும்!

சரி, ஏன் திட்டுகளில் மட்டும்? அங்கே மாஸ்ட் செல்கள் கூட்டமாகக் குவிந்திருக்கின்றன. இந்தச் செல் பெருக, அதன் மேல் இருக்கும் 'கிட்' என்ற புரதச் சுவிட்சை வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருள் அழுத்த வேண்டும். மரபணுவில் சின்னப் பிழை வந்தால், யாரும் அழுத்தாமலேயே சுவிட்ச் எரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் நேர்வது. தொற்றாது. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு விடலைப் பருவத்துக்குள் திட்டுகள் மங்கிவிடுகின்றன. பெரியவர்களுக்குத் திட்டு வந்தால் கதை வேறு. எலும்பு மஜ்ஜை வரை பார்க்க வேண்டியிருக்கும்.

திட்டைத் தேய்த்துத் தடிக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, பிரெஞ்சு மருத்துவர் ழான் தரியேவின் பெயர். காசே ஆகாத சோதனை. ஆனால் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நிறையச் செல்கள் ஒரே நேரத்தில் வெடித்தால் குழந்தைக்கு ரத்த அழுத்தம் இறங்கலாம்.

நாம் சளிக்கும் அரிப்புக்கும் விழுங்கும் செட்டிரிசின் ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது. அரிப்பு குறையும், திட்டு போகாது. அந்தப் பாட்டிக்கு: சுடுதண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம், வலி மாத்திரையோ மயக்க மருந்தோ கொடுக்க வேண்டி வந்தால் இந்த நோயின் பெயரை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.