தனித்துவமா, தன்னடையாளமா?

‘தனித்துவ நெருக்கடி’ என்ற தொடர் மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் கண்ணில் பட்டது. ‘நான் யார்?’ என்று ஒருவர் தடுமாறும் நிலையைக் குறிக்கும் ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ என்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். கொஞ்சம் பிசகிய சொல் என்று விட்டுவிட முடியவில்லை. இது பொருளையே தலைகீழாக்குகிறது.

ஐடென்டிட்டிக்கு வேர் லத்தீன் மொழியின் ‘இடெம்’. ‘அதே’ என்று பொருள். இதே சொல்லைத்தான் கணக்குப் பாடத்தில் ‘முற்றொருமை’ என்று படித்தோம்; எந்த எண்ணை இட்டாலும் சமக்குறியின் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். கணக்கைத் தமிழாக்கியவர்களுக்குப் பிடிபட்ட இந்த ஒருமை, உளவியலுக்கு வந்ததும் எப்படி நழுவிப்போனது?

தனித்துவம் என்றால் பிறரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருப்பது. ஆனால் ஒருவர் தன்னை இன்னார் என்று உணர்வதற்குக் காரணமானவற்றில் பெரும்பாலானவை பிறரோடு பகிர்ந்துகொண்டவை. மொழி, சமயம், பாலினம், தொழில், குடும்பம் எல்லாமே அப்படித்தான். கோடிப் பேர் பேசும் தாய்மொழியில் எனக்கு மட்டுமான தனித்துவம் ஏது? ‘அவருடைய மொழித் தனித்துவம்’ என்று எழுதினால் அவருடைய நடையைப் புகழ்வதாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ என்ற தொடரைப் பரப்பிய உளவியலாளர் எரிக் எரிக்சன் இதை முதலில் யாரைப் பற்றிச் சொன்னார் என்று பார்த்தாலே போதும். இரண்டாம் உலகப் போரில் மனம் குலைந்துபோன சிப்பாய்களைப் பற்றி. ‘முன்பிருந்த அதே ஆள்தான் நான்’ என்ற உணர்வும், வாழ்க்கை அறுபடாமல் தொடர்கிறது என்ற உணர்வும் அவர்களிடம் இல்லாமல் போயிருந்தன. அவர்கள் இழந்தது தனித்துவத்தையா? எரிக்சன் கதையும் அப்படித்தான். யூதத் தாய்க்குப் பிறந்த அவரை, பொன்னிற முடியையும் நீலக் கண்ணையும் காட்டி யூதப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். மற்ற பிள்ளைகள் யூதன் என்று கேலி செய்தார்கள். இரு பக்கமும் வேறுபட்டே நின்ற அந்தப் பையனுக்குத் தனித்துவத்துக்கா பஞ்சம்? மாற்றாந்தந்தையின் பெயரான ஹோம்பர்கரோடு வளர்ந்தவர், 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார்.

சரி, ‘அடையாளம்’ மட்டும் போதாதா? பழைய, நல்ல தமிழ்ச் சொல். பெரியாழ்வார் பாசுரத்தில் அனுமன் தான் இராமனின் தூதன் என்று சீதையை நம்பவைக்க, நிகழ்ச்சி நிகழ்ச்சியாகச் சொல்லி ‘ஓர் அடையாளம்’, ‘ஓர் அடையாளம்’ என்று அடுக்குகிறான். கடைசியில் மோதிரத்தைக் கொடுக்கிறான். அங்கே அடையாளம் என்பது அடுத்தவர் பார்த்துத் தெளிவதற்கான குறி. அடையாள அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. மொழி அடையாளம், இன அடையாளம் என்று குழுவைச் சொல்லும்போது இது நன்றாகவே பொருந்தும். ஆனால் உள்ளுக்குள் ஒருவர் தன்னையே தெளிந்துகொள்வதைச் சொல்ல ‘தன்’ என்ற ஒட்டு தேவைப்படுகிறது. ‘தன்னடையாளம்’ என்றால் அந்தக் குறியைத் தேடுபவரும் தானே என்பது விளங்கிவிடும்.

தனித்துவத்தின் பின்பாதி வடமொழி ஒட்டு. அந்தப் பொருளுக்குத் ‘தனித்தன்மை’ இருக்கவே இருக்கிறது. ஆனால் என் சண்டை ஒட்டோடு இல்லை, தெளிவின்மையோடுதான். ஒரே நூலில் ஒரு பக்கம் தனித்துவம், அடுத்த பக்கம் சுயம், அப்புறம் ஆளுமை என்று மாற்றி மாற்றிப் போட்டால் வாசிப்பவர் இவற்றை வெவ்வேறு கருத்துகள் என்றுதானே நினைப்பார்? ஆளுமை ‘பெர்சனாலிட்டி’க்கு வேரூன்றிவிட்டது. சுயம் ‘செல்ஃப்’ என்பதற்கு வழங்குகிறது. அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ வரும் இடத்தில் ‘தன்னடையாள நெருக்கடி’ என்று எழுதுங்கள்.