வளையத்தையும் சூடாக்கிக் காட்டுங்கள்

பித்தளைக் குண்டு வளையத்துக்குள் நுழைகிறது, சூடாக்கினால் நுழைவதில்லை. வெப்ப விரிவுப் பாடத்தைப் பெரும்பாலும் இத்தோடு முடித்துவிடுகிறோம். அப்படி முடித்தால், "வளையத்தைச் சூடாக்கினால் உலோகம் உள்பக்கமும் வீங்கி ஓட்டை சிறுத்துவிடும்" என்ற எண்ணம் பல மாணவர்களிடம் அசையாமல் இருக்கும்.

அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, ஓட்டை பெருக்குமா சிறுக்குமா என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு குண்டை நீலச் சுடரில் மூன்று நான்கு நிமிடம் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். 25 மி.மீ. குண்டு 300 டிகிரி செல்சியஸ் சூடேறினாலும் விட்டம் கூடுவது ஏறக்குறைய 0.14 மி.மீ.தான். சூடு போதாவிட்டால் குண்டு நுழைந்துவிடும், வகுப்பு கலகலத்துவிடும். மஞ்சள் சுடரும் ஆகாது: படியும் கரி, ஆறிய குண்டையும் சிக்க வைக்கும். கரியைத் துடைத்த பிறகே அடுத்த முறை.

சிக்கிய குண்டை வளையத்தின் மேலேயே விட்டுவைத்தால் சிறிது நேரத்தில் தானாக இறங்கும். சோதனை தோற்றதாக நினைத்து மழுப்ப வேண்டாம். குண்டின் சூடு வளையத்துக்குப் போகிறது. குண்டு சுருங்க, வளையம் விரிகிறது.

இப்போது முக்கியமான கட்டம். குண்டை மறுபடி சூடாக்கி, சிக்குவதைக் காட்டிவிட்டு, வளையத்தையும் அதே அளவு சூடாக்குங்கள். சூடான குண்டு சூடான வளையத்துக்குள் போகும். ஏன்? வளையத்தை வெட்டி நீட்டிய பட்டையாக நினைக்கச் சொல்லுங்கள். பட்டை நீண்டால் சுற்றளவு கூடும், ஓட்டையும் பெருக்கும். ஒரு எச்சரிக்கை: வளையமும் பித்தளையாக இருக்க வேண்டும். இரும்பு பித்தளையைவிடக் குறைவாக விரிவதால், இரும்பு வளையமானால் குண்டு சிக்கியே நிற்கலாம்.

300 டிகிரியில் பித்தளை சிவக்காது. மேசையில் கிடக்கும் குண்டு சுடுகிறதா ஆறியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மாணவர் கை அங்கேதான் போகும். குண்டை ஓட்டுத் துண்டின் மேல் வைத்து, "சுடும்" என்று எழுதிய அட்டையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவசரத்துக்குத் தண்ணீரில் முக்காதீர்கள். ஆவியும் கொதிநீரும் தெறிக்கும். கை சுட்டுவிட்டால் உடனே குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

நேரம் இருந்தால், 40 செ.மீ. அலுமினியக் கம்பியின் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையைக் கண்ணாடித் தகட்டின் மேல் கிடக்கும் 1 மி.மீ. ஊசியில் படுக்கவையுங்கள். ஊசியில் ஒரு ஸ்ட்ராவைச் செருகினால் அதுவே முள். கம்பி முழுக்க 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் நீட்சி 0.92 மி.மீ.; அதனால் ஊசி உருண்டு, முள் ஏறக்குறைய 53 டிகிரி கோணம் சாயும். ஊசி வழுக்காமல் இருக்கக் கம்பியின் மேல் சிறு எடை வைக்க மறக்காதீர்கள்.